பால் கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டம்

பிள்ளை பெற்ற பிறகு என் கால் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்தால் ஆடியது. படுத்தால் பாதம் போர்வைக்குள் எதையோ தேடியது.

பிரசவத்துக்குப் போயிருந்த அம்மா வீடு வடக்குத்து கிராமத்தில். தீட்டு கழிகிறவரை வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காதில் பஞ்சு, தலையில் துண்டு, வயிற்றைச் சுற்றிப் பழைய சேலை. அறைக்குள்ளேயே நடந்தேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. நிலக்கரி மைன்ஸில் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது நடை தானாக வேகமாகும். கிரவுண்டில் அந்தச் சங்குக்குத்தான் வார்ம்-அப் தொடங்குவோம். மனசு மறந்தாலும் உடம்பு மறக்கவில்லை.

"எங்கடி போற? அந்தச் செவுத்துக்கு அப்பால மெடலு வெச்சிருக்காங்களா?" என்று அம்மா கேட்பாள்.

"சும்மா நடக்கறேம்மா."

"பச்ச ஒடம்புக்காரி சும்மா படுக்கணும். நடக்கறாளாம்."

நான் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். தமிழ்நாட்டு டீமுக்குச் சில வருடம் ஓடியிருக்கிறேன். தேசியப் போட்டியில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். பத்தாவது தேறவில்லை. படிப்பு வராத இடத்தில் ஓட்டம் வந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மாமியார் அங்கேயே பஸ் நிற்கிற இடத்தில் பூ விற்கிறார். நாலு பேருமாக ஓர் அறையும் ஒரு சமையல் கட்டும். பிள்ளை வந்த பிறகுதான் நாலு.

தீட்டு கழிந்து மந்தாரக்குப்பம் வந்ததும் ஒரு காலையில் ஷூவை எடுத்தேன். கால் உள்ளே போகவில்லை. பாதம் அகலமாகிவிட்டிருந்தது. லேஸை முழுக்கத் தளர்த்தி நுழைத்துக்கொண்டு மைன்ஸ் டவுன்ஷிப் ரோட்டுக்குப் போனேன். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், அந்த நேரத்தில் ஆள் கிடையாது. ஒரு பிளாக் தூரம் மெதுவாக ஓடினேன். அடுத்த பிளாக்கில் தொடை நனைந்தது. வேர்வை என்று நினைத்தேன். மூத்திரம். அடக்கப் பார்த்தேன். அடங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கறுப்பு டிரௌசர்தான் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஆம்பளை. அம்மாவிடம் சொன்னால் படுக்க வைத்துவிடுவாள்.

தும்மும்போது இறுக்கிப் பிடிக்கிறோமே, அதையே பாத்திரம் கழுவும்போதும் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் செய்து பார்த்தேன். பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. முழுசாக ஆகவில்லை.

மாஸ்டர் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட வைத்தவர். பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆகி, டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் கிரவுண்டில் நிற்பவர். அவரிடம் இரண்டு குரூப் உண்டு. சீனியர் குரூப்பில் ஆறு பேர். ஸ்டேட் டீமுக்கு ஓடுகிறவர்கள். மற்றதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். நான் போய் நின்றபோது அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க?"

"மெதுவா ஆரம்பிக்கச் சொன்னாங்க மாஸ்டர்."

"மெதுவாங்கறது எங்க வரைக்கும்?"

"அத கேக்கலைங்க."

அவர் சிரிக்கவில்லை. மண் டிராக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருச்சில ஸ்டேட் மீட் வருது. மொத மூணு பேரு டீம். மூணுக்குள்ள வந்தா சீனியர்ல இரு. வரலன்னா காலையில பொடிசுங்களுக்கு டிரில் சொல்லிக் குடு. அதுவும் வேலைதான். ஒன் எடத்துக்கு அந்தப் பொண்ணு ரெடியா நிக்குது."

அந்தப் பொண்ணு கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவள். இருபது வயசு. நிலமெல்லாம் மைன்ஸுக்குப் போன குடும்பம். நான் டீமில் இருந்தபோது எனக்குப் பின்னால் ஓடிப் பழகியவள். இப்போது அவளுக்குப் பின்னால் நான். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம்.

மாஸ்டர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. லேஸ் கட்டக் குனிந்துகொண்டேன்.

பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் கொடுப்பது கேவலம் இல்லை. நான் நின்றுகொண்டு, அவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நின்றால் கால் ஆடுகிறதே.

வேகம் திரும்பி வந்தது. நான் பயந்ததைவிடச் சீக்கிரமே வந்தது. மூச்சு முன்னைவிட நன்றாக இருந்தது. இடுப்புதான் கழண்ட கதவு மாதிரி ஆடியது. அதையும் சமாளித்தேன். சமாளிக்க முடியாதது பால்.

ஏழு மாசப் பிள்ளை. புட்டியைத் தொடாது. ரப்பரை வாயில் வைத்தால் துப்பும். கேழ்வரகுக் கூழ் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். விடியலில் கொடுத்துவிட்டுக் கிரவுண்டுக்குப் போனால் பிராக்டிஸ் முடிவதற்குள் மார்பு நிறைந்துவிடும். வேகமாக ஓடுகிற நாளில் இரண்டு பக்கமும் கல்லைத் தொங்கவிட்டது போல இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உள்ளாடை போட்டேன். அதற்கு மேல் துண்டைச் சுற்றிக் கட்டினேன். அப்படியும் கசியும்.

ஒருநாள் அந்தப் பொண்ணு பக்கத்தில் ஓடிக்கொண்டே சொன்னாள். "அக்கா, டீ சர்ட்டு நனஞ்சிக்கினு வருது."

"வேர்வடி."

"வேர்வ ரெண்டு எடத்துல மட்டும் வருமாக்கா?"

"வாய மூடிக்கினு ஓடு."

சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள். நான் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். மார்பு இழுத்தது. பிடிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் பாலை நிறுத்த மல்லிப்பூ வைத்துக் கட்டுவார்கள். மார்பின் மேல் பூவைப் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டுவது. வாடினால் எடுத்துவிட்டு வேறு பூ. சின்ன வயசில் என் சித்திக்குக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண வீடு மாதிரி அந்த அறை முழுக்க மல்லி வாசம். பால் வற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். திருச்சிக்கு முன்னால் கட்டுவது. ஓடி முடித்ததும் அவிழ்ப்பது. பிள்ளை சப்பினால் பால் திரும்ப வந்துவிடும். ஓட்டத்துக்கு மட்டும் மார்பு லேசாக இருந்தால் போதும்.

பூ எங்கே வாங்குவது? வீட்டிலேயே பூக்கடை. மாமியாரிடம் எப்படிக் கேட்பது? டவுன்ஷிப் மார்க்கெட்டுக்குப் போய் அங்கே இருந்த பூக்காரம்மாவிடம் வாங்கிக்கொண்டு வந்தேன். மதியம் மாமியார் கடையில் இருக்கும்போது பரப்பிக் கட்டினேன். குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளைக்குக் கூழ் கொடுத்துத் தூங்க வைத்தேன்.

பூக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே வண்டியில்தான் காலையில் பூ வந்து இறங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாரும் தெரியும்.

சாயங்காலம் மாமியார் வந்தார். கூடையை இறக்காமலே நின்றார்.

"பூவு எங்க வாங்கன?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மார்க்கெட்டுக்காரி போன் போட்டா. ஏங்க்கா, ஒன் கடையில பூவு தீந்துபோச்சா, ஒம் மருமவ எங்கிட்ட வந்து முழம் போடச் சொல்றாளேன்னு சிரிக்கிறா. இருவது வருசமா பூ விக்கறேன். எம் மானம் போச்சி."

"கொஞ்சந்தான் அத்த."

"தலையில காணமே?"

கிட்டே வந்தார். பூக்காரி மூக்கு. ஒரு தடவைதான் மோந்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"புள்ள செத்தவளுக்குக் கட்டற பூவு அது. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அத்த."

"தெரிஞ்சேவா கட்டன? தோ, உசுரோட படுத்துக்கினு இருக்குதே, அது கண்ணுக்குத் தெரியல?"

"ஓடணும் அத்த. ஓடிட்டு அவுத்துடுவேன். திரும்ப வந்துரும்."

"கொழாயா அது, தொறக்கறதுக்கும் மூடறதுக்கும்?"

நான் அவிழ்க்கவில்லை. வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "வூட்டுல இன்னாத்துக்கு இவ்ளோ மல்லி வாசம்?" என்றார். சோறு போட்டேன்.

பிள்ளை அழுதது. மாமியார் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். கூழ், பாலாடைச் சங்கில் கொஞ்சம் பசும்பால். அழுகை நின்று நின்று வந்தது. அது அழும்போதெல்லாம் எனக்கு மார்பு விண்ணென்று தெறித்தது. பூ ஒன்றும் செய்யவில்லை. கல் இன்னும் கல்லாகத்தான் ஆனது. ஆனாலும் வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்தேன். அந்தப் பூ மாமியார் கூடையிலிருந்து எடுத்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.

திருச்சிக்குக் கிளம்புகிற காலையில் அவரும் சேலை மாற்றிக்கொண்டு நின்றார். கடைக்கு லீவு.

"நீ ஏன் அத்த?"

"ஒனக்காக வர்ல. புள்ளைக்காக வரேன்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்தார். பிள்ளை அவர் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. விருத்தாசலம் தாண்டும்போது எனக்குக் குளிர் எடுத்தது. காய்ச்சல். பையிலிருந்த மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கால் சீட்டுக்கு அடியில் ஆடியபடியே வந்தது.

ஸ்டேடியத்தில் பெண்கள் பாத்ரூமுக்குள் போய்க் கட்டை அவிழ்த்தேன். பூ பழுப்பாகித் தோலில் ஒட்டியிருந்தது. மார்பு சிவந்து, வலது பக்கம் அடியில் ஒரு கட்டி. தொட முடியவில்லை. மாமியாரை உள்ளே கூப்பிட்டேன். அவர் பார்த்தார். திட்டவில்லை. பிள்ளையை நீட்டினார்.

"குடு. ஒரு வாய் குடிச்சா எறங்கும்."

கொடுத்தேன். பிள்ளை ஆசையாகத்தான் வந்தது. மூக்கு பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்ப வைத்தேன். கையால் தள்ளி அழுதது. மல்லி வாசம். சோப்புப் போட்டுக் கழுவினேன். தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. மூன்று தடவையும் அது என்னை யாரோ மாதிரி பார்த்தது.

வெளியே மைக்கில் பெண்கள் ஐயாயிரத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"கூப்புடறாங்க அத்த."

"போ."

"இது இப்புடி அழுவுது."

"அழுவட்டும். வந்தது ஓடத்தான? போ சொல்றேன்."

போனேன். நம்பர் துணியைக் குத்திக்கொண்டேன். அந்தப் பொண்ணு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, சுடுது." கையைத் தட்டிவிட்டேன். "மாஸ்டர்கிட்ட சொல்லாத."

பன்னிரண்டரை சுற்று. முதல் சுற்றிலேயே தெரிந்தது, கால் நன்றாக இருக்கிறது என்று. மேலேதான் பாரம். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பக்கமும் கிழிகிற மாதிரி வலி. ஐந்து பேர் முன்னால் போனோம். மற்றவர்கள் தங்கிவிட்டார்கள். நான் ஐந்தாவது. முன்னால் போகிறவளின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன். விடவில்லை.

பாதி ஓட்டம் முடிந்திருக்கும். வளைவில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளையா வேறு பிள்ளையா தெரியாது. எந்தப் பிள்ளையாக இருந்தால் என்ன, உடம்பு அதை யோசிக்கவில்லை. உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தியது. பால் இறங்கியது. கசிவு இல்லை, கொட்டியது. வயிறு வழியாக டிரௌசர் வரை நனைந்தது. நம்பர் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. வெட்கப்பட நேரம் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாரம் குறைந்து, தோள் இறங்கியது. கை தானாக வீசியது. ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தியைத் தாண்டினேன்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது மூன்றாவதாக இருந்தேன். மூன்று போதும் எனக்கு. பின்னால் காலடி கேட்டது. யார் என்று திரும்பாமலே தெரிந்தது. அந்தக் காலடியை எனக்குப் பின்னால் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பின்பக்க நேர்த்தடத்தில் அவள் பக்கத்தில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேகம் குறைத்திருப்பாளோ என்னவோ. குறைக்கவில்லை. அதுதான் சரி. கோட்டுக்கு முந்தின கடைசி நேர்த்தடத்தில் எனக்கு எதுவும் மிச்சம் இல்லை. தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது.

நாலாவது.

கோட்டைத் தாண்டிக் கையும் முட்டியும் தரையில் ஊன்றி விழுந்தேன். யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். எழுந்து கேலரிக்குப் பின்னால் இருந்த நிழலுக்கு நடந்தேன். மாமியார் புல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் விழுந்தேன். பிள்ளை அவர் மடியிலிருந்து என் மேல் தாவியது. கழுத்தை மோந்தது. பிறகு தானே நனைந்த சட்டையை வாயால் தேடியது. மறைவாக எடுத்துக் கொடுத்தேன். ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. வலியில் எனக்குக் கண் இருட்டியது. விடவில்லை அது.

"பாத்தியா. பூ வாசம் அதுக்கு ஆவல. ஒன் வேர்வ நாத்தந்தான் கேக்குது" என்றார் மாமியார். முந்தானையால் என்னை மூடினார். "பூ விக்கறவ வூட்டுல இப்புடி ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விடவில்லை. கால் புல்லில் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் ஆண்கள் ஓட்டத்துக்குத் துப்பாக்கி வெடித்தது. என் கால் அதற்கும் ஒரு தடவை துள்ளியது.

மாஸ்டர் வந்தார். நான் பால் கொடுப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"நாலாவது."

"ஆமாங்க மாஸ்டர்."

"காய்ச்சலோட ஓடினியாமே."

அந்தப் பொண்ணு சொல்லியிருக்கிறாள்.

"லேசாதாங்க."

"நான் சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா சொன்னாரு அந்தாளு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தார். "நீ இன்னா சொன்ன?" "ஒண்ணும் சொல்லல அத்த." "அப்ப ஒண்ணும் முடிஞ்சிடல" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

கட்டிக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பாலை நிறுத்தாதே, நிறையக் கொடு என்று அந்த டாக்டரம்மா சொன்னார். காய்ச்சல் விட்டது. கட்டி கரைந்தது. அந்த நாட்களில் வீட்டுக்குள் நடந்தேன். பாத்திரத்தைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ வூட்டுல இருந்தா வூடே ஓடற மாதிரி கீது. கெரவுண்டுக்குப் போயிடேன்" என்றார்.

"சீனியர்ல எடம் இல்லைங்க."

"இல்லன்னு பலகை வெச்சிருக்காங்களா?"

அடுத்த திங்கட்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் நேராக அங்கே வந்தார். முகம், சட்டையெல்லாம் பெல்ட் தூசி. படியில் உட்கார்ந்து பிள்ளைக்கு இரண்டு பக்கமும் காலியாகிற வரை கொடுத்தேன். அதுதான் இப்போது என் வார்ம்-அப்புக்கு முன்னால் செய்கிற வேலை. காலி மார்போடு ஓடினால் கல் இல்லை. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையை அவரிடம் கொடுத்தேன். அவர் கையைப் பேன்டில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டிரில் சொல்ல ஆள் இல்லாமல் என்னையே பார்த்தார்கள். இன்னொரு பக்கம் சீனியர்கள் கோட்டில். நான் போய்க் கோட்டில் நின்றேன்.

மாஸ்டர் வாட்சிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ எங்க நிக்கற?"

"இங்கதாங்க மாஸ்டர்."

"நான் இன்னா சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. நான் சரின்னு சொல்லலைங்களே."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். அடக்கிக்கொண்டார்கள். மாஸ்டர் படியைப் பார்த்தார். அங்கே தூசி படிந்த ஓர் ஆள், கையில் பிள்ளை. பிள்ளை அவர் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நீங்க ரெண்டு ரவுண்டு மெதுவா போங்கடா" என்று அவர்களுக்குக் குரல் கொடுத்தார். கம்மாபுரத்துப் பொண்ணு எனக்கு இடம் விட்டு அரை அடி தள்ளி நின்றாள்.

வாட்சை அமுக்கினார். "போ."

போனோம். அன்றைக்கும் அவள்தான் முன்னால். நான் பின்னால். எவ்வளவு பின்னால் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடினேன்.